மேற்பார்வையாளரின் கடமை

கேள்வி: துறைமுகத்தை அடுத்த கிடங்கொன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எனக்குக் கீழ் வேலை செய்யும் தம்பி ஒருவர், இரவு ஷிப்டுக்கு மாறியது முதல் யாரோடும் பேசுவதில்லை, அடிக்கடி எம்.சி. எடுக்கிறார். நான் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், கெலாங் பாத்தா

பதில்: தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம் இரவு பகல் பாராமல் இயங்குவதாகலின், அதைச் சார்ந்து பிழைக்கும் ஜனங்களின் நித்திரையும் குடும்ப வாழ்க்கையும் கிரமம் தவறுவது இயல்பே, அதைச் சோம்பல் என்று நிச்சயித்து எச்சரிக்கைக் கடிதம் நீட்டுவது விவேகமாகாது. பசியாறும் வேளையில் தேத்தண்ணியோடு அவரருகே அமர்ந்து, "சரியாத் தூங்குறியா தம்பி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்து, புத்திமதி கூறும் ஆவலை அடக்கிச் செவிமடுப்பதும், கேட்டதைப் பிறரிடம் பிரஸ்தாபிக்காதிருப்பதுமே முதற்காரியம்.

அனுதாபம் மட்டும் போதாது. 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வாராந்தர வேலை நேரத்தின் உச்சவரம்பை 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைத்ததோடு, வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்திலேயே பதிலளிக்க வேண்டும், மறுத்தால் காரணமும் கூற வேண்டும் என்று விதிக்கிறது. அவ்விண்ணப்பத்தை எழுத நீங்களே துணை நிற்கலாம்.

சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கை நாடச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். உயிரை வெறுத்துப் பேசுவாராயின், தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டபடியால், போலீசுக்கு அஞ்சி அதை மறைக்க வேண்டிய அவசியம் இனி இல்லை.