கோழி எருவைப் பக்குவம் செய்து தானியப் பயிர்களுக்கு இடுதல்

நாமக்கல், இராசிபுரம் பக்கத்து மேட்டு நிலங்களில் சோளமும் கேழ்வரகும் பயிரிடும் குடியானவர்கள் ஆட்டுக்கிடையையும் தொழு உரத்தையுமே நம்பி வந்தவர்கள். இக்காலத்தில் தொழுவங்கள் குறைந்து கோழிப் பண்ணைகள் பெருகிவிட்டமையால், எருவைப் பண்ணையிலிருந்தே கொணர வேண்டியதாயிற்று. ஆயினும் அதனைப் பக்குவம் செய்யாது இடுவதால் நேரும் நஷ்டத்தைப் பலர் அறியார்.

எருவின் சத்து: உலர்ந்த கோழி எருவில் நூற்றுக்குச் சுமார் 3 பங்கு தழைச்சத்தும், 2½ பங்கு மணிச்சத்தும், 1½ பங்கு சாம்பல் சத்தும் உண்டு. தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரைப் பங்கே. 1 டன் கோழி எரு 30 கிலோ தழைச்சத்தைத் தருமாயின், 5 டன் தொழு உரம் 25 கிலோவே தரும். வண்டிக் கூலியில் மிச்சம் எவ்வளவென்று விளங்கும்.

மக்காத எருவின் தீங்கு: கோழி எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் விரைவில் அம்மோனியாவாக மாறும். அதில் ஒரு பங்கு காற்றில் கலந்து வீணாகும். எஞ்சியது இளவேரைக் கருக்கும். ஈக்களும் பெருகும். யான் பார்வையிட்ட ஒரு புன்செயில், எச்சம் வந்திறங்கிய மறுநாளே அதைச் சாலில் கொட்டி மக்காச்சோளம் ஊன்றியிருந்தனர். முளைகள் கருகின, விதையை இரண்டாம் முறை விலைக்கு வாங்க நேர்ந்தது. மக்கிய எரு இட்ட அண்டை வயலில் அக்குறை காணப்படவில்லை.

பக்குவம் செய்யும் முறை: நிழலுள்ள மேடான இடத்தில் தென்னை நார்க்கழிவு அல்லது நறுக்கிய சோளத்தட்டை ஓர் அடுக்கும், எச்சம் ஓர் அடுக்குமாக 4 அடி உயரம் குவிக்கவும். கையில் பிடித்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டலாகாது. சில நாட்களில் குவியல் சூடேறும். உள்ளே 55 பாகைக்கு மேல் வெப்பம் சில நாட்கள் நிலைத்தால் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் மடியும். சூடு தணிந்ததும் வெளிப்புறம் உட்புறமாகும்படி புரட்டி, ஈரம் குறைந்திருப்பின் நீர் தெளிக்கவும். புரட்டியும் சூடேறாது, நெடியின்றிக் கறுத்து உதிருமாயின் பக்குவம் முடிந்தது. இதற்கு இரண்டு, மூன்று மாதம் செல்லும். ஐயமிருப்பின், எருவும் மண்ணும் கலந்த சட்டியில் பத்துக் கேழ்வரகு விதையும், வெறும் மண் சட்டியில் பத்தும் விதைத்து முளைப்பை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இடும் முறை: ஏக்கருக்கு 1 முதல் 1½ டன் வரை கடைசி உழவுக்கு முன் பரப்பி, அன்றே உழுது மூடுக. ஆடிப் பட்டத்துக்கு இடுவோர் சித்திரையிலேயே குவியல் போட வேண்டும். ஆண்டுதோறும் மிகுதியாக இட்டால் மணிச்சத்து மண்ணில் தேங்கும். ஆதலால் மண்ணைப் பரிசோதித்து, குறைந்த சத்தை மட்டும் இரசாயன உரத்தால் நிரப்புக.

மக்காச்சோளம் கோழிக்குத் தீவனமாகிறது. கோழியின் எச்சம் மக்காச்சோளத்துக்கு எருவாகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே வேண்டுவது மூன்று மாதப் பொறுமையே.