உள்ளிருக்கும் சரக்குக்கு ஒரு பெயர்

சேலை வாங்க வரும் பெண்மணி முந்தானையைப் பார்க்கிறார், கரையைப் பார்க்கிறார். நூல் எந்த ஆலையில் நூற்கப்பட்டது என்று கேட்பதில்லை. நூல் ஆலைக்குள்ள இந்தச் சங்கடம், 1968-ல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற இன்டெல் கம்பெனிக்கும் இருந்தது. கணிப்பொறியின் மூளை போன்ற சில்லை அது செய்து விற்றது. வாங்கியவர்கள் கணிப்பொறி செய்யும் கம்பெனிகள். மேசை முன் அமர்ந்து அதில் வேலை செய்யும் குமாஸ்தா, உள்ளிருக்கும் சில்லின் பெயரையே அறியார்.

இன்டெல் தன் சில்லுகளுக்கு 286, 386 என்று எண்களையே பெயராக இட்டு வந்தது. போட்டிக் கம்பெனியும் 386 என்றே தன் சரக்கை விற்க முற்பட்டது. வழக்குத் தொடுத்தும் பயனில்லை; அவ்வெண் ஒருவருக்கே உரிய வியாபாரக் குறியாகாதென 1991-ல் நீதிமன்றம் கூறிவிட்டது. (அறுபதாம் நம்பர் நூல் என்பதை எந்த ஆலை தன் சொத்தென்று கூற முடியும்?)

அவ்வாண்டே ‘இன்டெல் இன்சைடு’, அதாவது ‘உள்ளே இன்டெல்’, என்ற இரண்டே சொற்களை அக்கம்பெனி பரப்பலாயிற்று. அவை தொழில் நுட்பம் எதையும் விளக்கவில்லை. உள்ளே இருப்பது இன்னாருடையது என்று மட்டுமே கூறின. அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது செலவைப் பங்கிட்ட முறையாகும். கணிப்பொறி செய்வோர் தம் விளம்பரங்களில் அக்குறியைப் பொறித்தால், விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் ஏற்றுக்கொண்டது. விற்பவரும் சரக்குக் கொடுப்பவரும் ஒரே விளம்பரத்தால் பயனடைந்தனர். 1993-ல் வெளிவந்த சில்லுக்கு எண்ணை விடுத்துப் பென்டியம் என்றே பெயர் சூட்டினர்.

மறு ஆண்டே சோதனை வந்தது. பென்டியம் சில வகுத்தல் கணக்குகளுக்குப் பிழையான விடை தருவதை வர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியராயிருந்த தாமஸ் நைஸ்லி கண்டறிந்தார். பிழை மிக அரிதாகவே நேரும் என்றும், அவசியமுள்ளவர்க்கே மாற்றித் தரப்படும் என்றும் கம்பெனி கூறியது. கணக்கின்படி அது முற்றிலும் தவறான பேச்சன்று. ஆயினும் மூன்றாண்டுகளாக ‘உள்ளே இன்டெல்’ என்பதை நம்பகத்தின் அடையாளமாகக் கொண்டவர்கள் அதை ஏற்கவில்லை. டிசம்பரில் ஐ.பி.எம். கம்பெனி அச்சில்லுள்ள தன் கணிப்பொறிகளை அனுப்புவதை நிறுத்தியது. 1994 டிசம்பர் 20-ல், கேட்பவர் எவருக்கும் மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அதற்காக 47.5 கோடி டாலர் செலவு எழுதிற்று.

பெயரில்லாத சரக்காயிருந்திருந்தால் குறை கணிப்பொறிக் கம்பெனியின் வாசலோடு நின்றிருக்கக்கூடும். சங்கத் துணியில் ‘சாயம் போகாது’ என்று சீட்டு ஒட்டும் யோசனை செயற்குழுவுக்கு வரும்போது, சாயம் போன துண்டுடன் திரும்பி வருபவருக்கு விற்பனை நிலையத்தில் என்ன கொடுப்பது, அச்செலவை எக்கணக்கில் எழுதுவது என்பதையும் அதே கூட்டத்தில் தீர்மானித்துக்கொள்ளலாம்.