மூளைக்கு மருந்து போகும் பாதை

மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறவனுக்கு மருந்து சமாச்சாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதுவும் நம்ம வால்வு, கேட் விஷயம்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். அதனால் டாக்டர் சீட்டு எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். முப்பது வருஷம் கொழுந்து பறித்த எங்கள் அப்பாயி இப்போது என்னைப் பார்த்து, "நீ மேஸ்திரி வீட்டுப் பையனா?" என்கிறார். இது அல்சைமர் நோய். 1906-ல் ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் முதலில் எடுத்துச் சொன்னது.

மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகும் ரசாயனங்களில் ஒன்று அசிட்டைல்கோலின். இந்த நோயில் அது குறைந்துகொண்டே போகும். இருக்கிற கொஞ்சத்தையும் ஒரு என்சைம் உடைத்துவிடும். அந்த என்சைமைத் தடுப்பது ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து. நோயைத் தீர்க்காது, சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும், அவ்வளவுதான்.

ஆனால் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் எஸ்டேட் கேட் மாதிரி. கண்ட வண்டியையும் உள்ளே விடாது. இதற்கு ஒரு வழியை நம்ம ஊட்டியிலேயே, ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியில் தேடினார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மருந்தை நானோ துகளில் ஏற்றி, மேலே பாலிசார்பேட் 80 பூசினார்கள். அந்தப் பூச்சின் மேல் இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது என்பது விளக்கம். வாட்ச்மேன் கொழுந்து லாரி என்று நினைத்து கேட்டைத் திறக்கிற கதைதான்! எலிகளின் மூளையில் வெறும் மருந்தைவிட மூன்றரை மடங்குக்கு மேல் சேர்ந்தது என்று 2008-ல் வெளியிட்டார்கள். எலியில் கிடைத்த விடை. இன்னும் கடைக்கு வரவில்லை.

கடைக்கு வந்தது பட்டை. அமெரிக்காவில் 2007-ல் அனுமதி கிடைத்தது. கேப்ஸ்யூல் போட்டால் மருந்து இரத்தத்தில் சட்டென்று ஏறும், குமட்டும். அப்பாயி சோறே வேண்டாம் என்று தள்ளினார். தோலில் ஒட்டும் பட்டையோ 24 மணி நேரமும் ஒரே சீராகக் கசியவிடும். நம்ம பாஷையில் ப்ளோ கன்ட்ரோல்.

வயசானவர்களுக்கு ஒரு நோயா வருகிறது? அப்பாயிக்குப் பிரஷரும் உண்டு. அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரை நாடித் துடிப்பைக் குறைக்கும், ரிவாஸ்டிக்மினும் குறைக்கலாம். சில ஜலதோஷ மாத்திரைகள் இந்த மருந்துக்கு நேர் எதிராக வேலை செய்யும். ஆகவே வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் பையோடு டாக்டரிடம் காட்டுங்கள். முக்கியமாக, பழைய பட்டையை உரித்த பிறகே புதியதை வேறு இடத்தில் ஒட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மருந்து அளவு மீறிவிடும். முதுகில் ஒட்டினால் அவர்களால் பிய்த்துப் போட முடியாது.