ஒரே இனத்துக்கு மூன்று நிறமா?

கேள்வி: நாங்கள் மர்பி டவுனில் குடியிருக்கிறோம். எட்டாவது படிக்கும் என் பையனுக்கு ஊசித் தட்டான் பைத்தியம் பிடித்துவிட்டது. லீவு நாளென்றால் விடிந்ததும் என்னை அல்சூர் ஏரிக்கு இழுத்துக்கொண்டு போகிறான். போன வாரம் கரையோரப் புல்லில் இரண்டு ஜோடி பார்த்தோம். ஒரு ஜோடியில் ஆண் பச்சை, வால் நுனியில் நீலம். பெண் மங்கின பழுப்பு. பக்கத்து ஜோடியில் இரண்டுமே பச்சை நீலம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று தனியாக, நல்ல ஆரஞ்சு நிறத்தில். செல்போன் செயலி எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைக் காட்டுகிறது. பையன் நம்ப மாட்டேன் என்கிறான். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. குடகுக்குப் போனபோது ஓடையோரம் சிவப்புக் கோடு போட்ட கறுப்பு ஊசித் தட்டான் ஒன்றைப் படம் எடுத்தான். அவனிடம் உள்ள புத்தகம் அதன் குடும்பம் ‘புரோட்டோநியூரிடே’ என்கிறது. செயலி ‘பிளாட்டிக்னெமிடிடே’ என்கிறது. ஸ்கூல் புராஜெக்டில் எதை எழுதுவது? படங்களை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, மர்பி டவுன், பெங்களூரு

பதில்: செயலி சொன்னது சரிதான் அம்மா. ஏரிக்கரையில் நீங்கள் எடுத்த ஐந்தும் ஒரே இனம்: இஷ்னூரா செனிகலென்சிஸ். பெயரில் செனகல் இருந்தாலும் இது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் சொந்தமல்ல. அங்கே தொடங்கி இந்தியா, இலங்கை வழியாக ஜப்பான் வரைக்கும் பரவியிருக்கிறது. அழுக்குத் தண்ணீரையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். 2016 மார்ச்சில் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்து மிதந்த அதே அல்சூர் ஏரியில் இது இன்னும் ஜோடி சேர்ந்துகொண்டிருப்பதில் ஆச்சரியமில்லை.

உங்கள் பையன் நம்பாததில் தப்பே இல்லை. நிறத்தை மட்டும் பார்த்தால் யாரும் மூன்று இனம் என்றுதான் சொல்வார்கள். இந்த இனத்தில் ஆணுக்கு ஒரே வேஷம்: பச்சை மார்பு, அதில் கறுப்புக் கோடுகள், மேற்புறம் கறுத்த வயிறு, எட்டாவது கண்டத்தில் பளிச்சென்ற நீலம். பெண்களில்தான் இரண்டு வகை. ஒரு வகை ஆணைப் போலவே பச்சையும் நீலமுமாக இருக்கும். இரண்டாவது ஜோடியில் இருந்தது அதுதான். இன்னொரு வகை இளசாக இருக்கும்போது ஆரஞ்சு, முதிர்ந்த பிறகு பழுப்பு. தனியாக உட்கார்ந்திருந்த ஆரஞ்சுக்காரியும் முதல் ஜோடியில் இருந்த பழுப்புக்காரியும் இந்த வகை, வயசுதான் வேறு.

பெண்ணுக்கு எதற்கு இரண்டு நிறம்? இதை ஜப்பானில் இதே இனத்தை வைத்து நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண்கள் அடிக்கடி கண்ணில் படும் நிறத்தைத்தான் பெண் என்று பழகிக்கொள்கின்றன. அந்த நிறத்தைத்தான் அதிகம் துரத்துகின்றன. இஷ்னூராக்களில் ஒரு கலவி சில மணி நேரம்கூட நீளும். ஓயாமல் துரத்தப்படும் பெண்ணுக்கு இரை பிடிக்கவும் முட்டையிடவும் நேரம் கிடைக்காது. ஆகவே ஒரு குளத்தில் எந்த நிறப் பெண்கள் குறைவோ அவர்களுக்கு நிம்மதி அதிகம். அவர்கள் பெருகினால் தொல்லை அவர்கள் பக்கம் திரும்பும். அதனால் எந்த நிறமும் முழுசாக அழிவதில்லை.

ஆரஞ்சுக்காரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெங்களூர்க் குட்டைகளில் செரியாக்ரியான் கோரமண்டேலியானம் என்ற இன்னொரு மஞ்சள் ஊசித் தட்டானும் உண்டு. 1798-ல் ஃபேப்ரிசியஸ் நம் சோழமண்டலக் கரையை வைத்துப் பெயரிட்டது. அதன் ஆணுக்கு மஞ்சள் வயிற்றில் கறுப்புப் புள்ளிகூட இருக்காது. உங்கள் படத்தில் இருப்பதற்கு வயிற்றின் மேற்புறம் நெடுகக் கறுப்புப் பட்டை தெரிகிறது. அதை வைத்துத்தான் நானும் உறுதி செய்தேன்.

சரி, நிறம் உதவாது என்றால் வேறு எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? முதலில் பெரிய பிரிவு. தட்டான்கள் எல்லாம் ஓடோனேட்டா என்ற ஒரே வரிசை. 1758-ல் லின்னேயஸ் அத்தனையையும் லிபெல்லுலா என்ற ஒரே பேரினத்துக்குள் போட்டுவிட்டார். ஊசித் தட்டான்களைச் சைகாப்டெரா என்று தனியே பிரித்தவர் பெல்ஜியத்துக்காரரான செலிஸ், 1854-ல். பள்ளிப் புத்தகங்கள் ‘கண்கள் விலகியிருந்தால் ஊசித் தட்டான், ஒட்டியிருந்தால் பெரிய தட்டான்’ என்று சொல்லிக்கொடுக்கின்றன. பாதி உண்மை. கோம்ஃபிடே குடும்பத்தின் பெரிய தட்டான்களுக்கும் கண்கள் விலகித்தான் இருக்கும். ‘சிறகை மடக்கி உட்கார்ந்தால் ஊசித் தட்டான்’ என்பதிலும் ஓட்டை உண்டு. லெஸ்டிடே குடும்பத்தில் பல இனங்கள் பாதி விரித்தபடியே உட்காரும்.

நம்பகமானது சிறகின் வடிவம். ஊசித் தட்டானின் முன் சிறகும் பின் சிறகும் ஏறக்குறைய ஒரே அச்சு; இரண்டும் அடியில் காம்பு போலக் குறுகும். பெரிய தட்டானுக்குப் பின் சிறகு அடியில் அகன்றிருக்கும். ஆணின் வால் நுனியையும் பாருங்கள். ஊசித் தட்டானுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கொக்கிகள்; பெரிய தட்டானுக்கு மேலே இரண்டும் கீழே ஒன்றும். தண்ணீருக்குள் இருக்கும் இளம்புழுவில் சந்தேகத்துக்கே இடமில்லை: ஊசித் தட்டான் புழுவின் பின்முனையில் இலை மாதிரி மூன்று செவுள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய தட்டான் புழுவுக்குச் செவுள் மலக்குடலுக்குள்ளே. இந்த இரண்டிலும் முழுசாகச் சேராத ஒன்று இமயமலை ஓடைகளில் இருக்கிறது, எபியோஃப்ளீபியா லெய்ட்லாவி. சிறகைப் பார்த்தால் ஊசித் தட்டான், உடம்பைப் பார்த்தால் பெரிய தட்டான். டார்ஜிலிங் பக்கத்தில் கிடைத்த இளம்புழுவை மட்டும் வைத்து 1921-ல் டில்யார்டு இதற்குப் பெயர் கொடுத்தார்.

இனி குடகுப் படத்துக்கு வருவோம். அது புரோடாசினியூரா வெர்ட்டிகாலிஸ், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. குடும்பம் எது என்ற சண்டைதான் சுவாரசியமானது. அதைப் புரிந்துகொள்ளச் சிறகின் நரம்புகளைப் பார்க்க வேண்டும். உங்கள் பையன் ஏரிக்கரையில் எடுத்த பச்சை ஆணின் படத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். சிறகு உடம்போடு சேரும் இடத்திலிருந்து கொஞ்சம் வெளியே நான்கு பக்கமுள்ள ஒரு சின்ன அறை தெரியும். இஷ்னூராவில் அதன் மேல் பக்கம் குட்டை, கீழ்ப் பக்கம் நீளம், வெளி மூலை கூராக நீண்டிருக்கும். இது சீனாக்ரியோனிடே குடும்பத்தின் அடையாளம். பிளாட்டிக்னெமிடிடே குடும்பத்தில் அதே அறை கிட்டத்தட்ட செவ்வகம். பிறகு குடகுப் படத்தைப் பாருங்கள். அறை நீள்செவ்வகமாக இருக்கும். அதோடு, மற்ற ஊசித் தட்டான்களில் சிறகின் பின் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பு இதில் அநேகமாக இல்லாமலே போயிருக்கும்.

இந்த நரம்புகளை இந்தியாவில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தவர் எஃப். சி. ஃப்ரேசர். ராணுவத்தின் மருத்துவப் பணியில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர். குடகிலும் நீலகிரியிலும் மலபாரிலும் தட்டான் தேடி அலைந்தார். 1933, 1934, 1936 என மூன்று தொகுதிகளாக அவர் எழுதிய நூலை இன்றைக்கும் ஒதுக்கிவிட்டு யாரும் இந்தியத் தட்டான்களைப் பற்றி வேலை செய்ய முடியாது. உருப்பெருக்கியும் மையும் வைத்துக்கொண்டு அவர் வரைந்த வால் கொக்கிகள் பல இன்றைய புகைப்படத்தைவிடத் தெளிவு.

நரம்பு குறைந்த ஊசித் தட்டான்கள் தென் அமெரிக்காவிலும் இருக்கின்றன. அவற்றையும் நம் ஊர்க்காரர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் புரோட்டோநியூரிடே என்று வைத்திருந்தார்கள். உங்கள் பையனின் புத்தகம், கே. ஏ. சுப்பிரமணியன் எழுதி 2005-ல் உங்கள் ஊரிலிருக்கும் இந்திய அறிவியல் கழகம் வெளியிட்ட கையேடாக இருந்தால், அதிலும் இந்தப் பெயர்தான் இருக்கும். எழுதிய காலத்தில் அது சரி.

2014-ல் நிலைமை மாறியது. டைக்ஸ்ட்ரா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் உலகத்து ஊசித் தட்டான்களின் 310 பேரினங்களில் 59 சதவீதத்துக்கு மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தென் அமெரிக்க இனங்கள் சீனாக்ரியோனிடேக்குள் போய் உட்கார்ந்தன. நம் ஆசிய, ஆப்பிரிக்க இனங்கள் பிளாட்டிக்னெமிடிடேக்குள் வந்தன. நரம்பு குறைந்தது இரண்டு இடத்திலும் தனித்தனியாக நடந்த மாற்றம். உறவினால் வந்த ஒற்றுமை அல்ல. புரோட்டோநியூரிடே என்ற குடும்பமே கலைந்துபோனது. குடகின் பூச்சிக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. ரேஷன் கார்டில் பெயர் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்காக ஃப்ரேசரின் வேலை வீண் என்று நினைக்காதீர்கள். 1922-ல் அவர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மெலனோநியூரா பிலினியாட்டா என்ற கறுப்பு ஊசித் தட்டானை விவரித்தார். நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பேரினத்தில் அந்த ஒரே இனம்தான். 2024-ல் திருவனந்தபுரம் பக்கத்துப் பேப்பாறை மலையடிவாரத்திலிருந்து இரண்டாவது இனம் வந்து சேர்ந்தது: மெலனோநியூரா அகஸ்தியமலைகா. மரபணுவில் 7 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். ஆனால் மரபணு மட்டும் போதவில்லை. ஆணின் வால் கொக்கிகளையும் உடம்பின் மற்ற அடையாளங்களையும் ஃப்ரேசர் விவரித்த இனத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு கட்டினார்கள். என் கருத்தும் அதுதான்: ஆய்வகத்தில் வரும் எழுத்து வரிசையும் சிறகில் இருக்கும் நரம்பும் ஒன்றையொன்று சோதிக்க வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாற்றமே.

ஊசித் தட்டானின் வால் கொக்கிகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று உங்கள் பையன் கேட்பான். ஜோடி சேரும்போது ஆண் அந்த நான்கு கொக்கிகளால் பெண்ணின் கழுத்துப் பகுதியைப் பற்றிக்கொள்ளும். பெரிய தட்டான் தலையைப் பற்றும். கொக்கியும் கழுத்தும் பொருந்தாவிட்டால் பிடி நிற்காது. அதனால் நெருங்கிய இனங்களிலும் கொக்கியின் வடிவம் வேறுபடுகிறது. நிறம் வயசோடு மாறும், ஒரே இனத்திலேயே இரண்டாக இருக்கும், வெயிலில் ஒரு மாதிரி, நிழலில் ஒரு மாதிரி தெரியும். கொக்கி மாறாது.

இதே காரணத்துக்காகச் செயலி பற்றியும் ஒரு வார்த்தை. அது படத்தின் மொத்தத் தோற்றத்தைத்தான் பார்க்கிறது. அல்சூர் ஏரியில் சரியாகச் சொன்னதற்குக் காரணம், இந்த இனத்தின் மூன்று வேஷத்தையும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏற்கெனவே படமெடுத்து ஏற்றியிருப்பதுதான். மஞ்சள் உடம்பும் நீல வால் நுனியுமாக அதைவிடச் சின்னதாக ஒன்று கிடைத்தால் அப்போது கவனியுங்கள். பழைய குறிப்புகளில் அது இஷ்னூரா அரோரா. இப்போது நம் நாட்டு வகையை இஷ்னூரா ரூபிலியோ என்று தனி இனமாகவே வைத்திருக்கிறார்கள். செலிஸ் 1876-லேயே கொடுத்த பெயர் அது. நடுவில் ஆஸ்திரேலிய இனத்தோடு கலந்து காணாமல் போயிருந்தது.

புராஜெக்டுக்கு: பிளாட்டிக்னெமிடிடே என்று எழுதச் சொல்லுங்கள். கீழே சின்னதாக ‘பழைய நூல்களில் புரோட்டோநியூரிடே’ என்றும், படம் எடுத்த இடம், தேதியையும் சேர்க்கச் சொல்லுங்கள். பூச்சியைப் பிடித்து ஊசி குத்தி ஒட்ட வேண்டாம். அடுத்த முறை ஏரிக்குப் போகும்போது ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் ஒரு படம், சிறகு முழுசாகத் தெரிய ஒரு படம், ஆணின் வால் நுனியை நெருக்கத்தில் ஒரு படம் என எடுத்து அனுப்புங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் பூச்சிகள் இன்னும் சூடேறாமல் அசையாது உட்கார்ந்திருக்கும். படம் ஆடாமல் வரும்.