சிப்பாய்க்குச் சம்பளம் யார் கொடுத்தது?

அன்புள்ள தம்பி,

"துய்ப்ளெக்ஸ் அவ்வளவு வீரர், பிறகு ஏன் தோற்றார்?" என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றையும் வீரத்தில் கொண்டுபோய் முடிப்பது சினிமாப் பழக்கம். எனக்கு எரிச்சலாக வருகிறது. புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும் அவர் சிலையை விடு, அந்தப் பிரெஞ்சு கவர்னரின் வரவு செலவைப் பார்.

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் கர்நாடக நவாப் அன்வருத்தீன் செத்தார். அந்தப் பதவியைப் பிடிக்க உதவிய பிரெஞ்சுக் கம்பெனிக்குச் சந்தா சாகிப் கொடுத்தது என்ன? வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள். பாகூர் ஏரியை நீ பார்த்திருக்கிறாய். ஏரி நிரம்பினால் நெல், நெல் விளைந்தால் வரி, வரி வந்தால் சிப்பாய்க்குச் சம்பளம். அந்தச் சிப்பாய் அடுத்த ஊரைப் பிடிப்பான்; அதைக் காக்க இன்னும் நூறு சிப்பாய் வேண்டும். பாரிசிடம் கையேந்தாமல், பிடித்த மண்ணின் வருமானத்திலேயே அடுத்த சண்டையைப் போடுவது என்பதுதான் துய்ப்ளெக்ஸ் கண்ட வழி. பாகூர் நெல்லைப் பற்றிப் பேசாமல் கர்நாடகப் போரைப் பற்றிப் பேசுகிறவரை நான் நம்புவதில்லை.

1750 டிசம்பரில் ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டதும், பிரெஞ்சுக்காரர் ஆதரித்த முசாபர் ஜங்குக்குப் புதுச்சேரியிலேயே பட்டாபிஷேகம் நடந்தது. அந்தப் பக்கங்களை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அரண்மனைச் செய்தியும் சரக்கு விவகாரமும் அவர் பேனாவில் அடுத்தடுத்து வரும். கவர்னருக்கு மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமான துபாஷ் அல்லவா! கவர்னர் மனைவி மூக்கை நுழைத்த காரியங்களைப் பற்றிய புலம்பலும் உண்டு. அது தனிச் சுவை. பீரங்கிச் சத்தம் தேடுகிறவர்கள் இதையெல்லாம் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு முனைவர் பட்டம் வேறு கொடுக்கிறார்கள்!

திருச்சிராப்பள்ளியில் கதை மாறியது. ஆங்கிலேயர் துணையோடு அன்வருத்தீன் மகன் முகமது அலி காத்த கோட்டை விழவில்லை. 1752 ஜூனில் சந்தா சாகிப்பின் தலை போயிற்று. வரவு சுருங்கியது, சம்பளம் சுருங்கவில்லை. துணி வியாபார லாபத்தை எதிர்பார்த்த கம்பெனி, 1754இல் துய்ப்ளெக்சைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் கைக்காசைப் போட்டதாகச் சொல்லிக் கம்பெனியிடம் வழக்காடியே 1763இல் செத்தார்.

பிறகு வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி காலத்தில் இன்னும் மோசம். 1759இல் சம்பள பாக்கிக்காகச் சொல்தாக்கள் எனப்பட்ட வெள்ளைச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். எதிரில் நின்ற ஆங்கிலேயருக்கோ பிளாசிப் போருக்குப் பிறகு வங்காளப் பணம் வந்துகொண்டிருந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றார். மறு ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது.

ஜெயித்த பக்கத்து நவாப் முகமது அலி மட்டும் பிழைத்தாரா? படைச் செலவுக்குக் கடன், கடனுக்கு வட்டி. கடன் கொடுத்தவர்களில் ஆங்கிலக் கம்பெனி உத்தியோகஸ்தர்களே பலர். 1785இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இதைப் போட்டு உடைத்தார். 1801இல் நவாபின் சீமை கம்பெனி கைக்குப் போயிற்று.

பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துப் படி. அடுத்த கடிதத்தில் வீரம் என்ற சொல் வராமல் கேள்வி கேள், பதில் எழுதுகிறேன்.