மலைக்குக் குழு கூட்டிச் செல்லும் இளையவருக்கு: முதலுதவிப் பை பற்றி

ஆத்தூரிலிருந்து மலைநடைக் குழுக்களை அழைத்துச் செல்லத் தொடங்கியிருக்கும் இளம் வழிகாட்டிக்கு,

முதலுதவிப் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் போகிற இடம்தான் தீர்மானிக்கிறது. ஆத்தூருக்கு வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை, தென்மேற்கே கொல்லிமலை, மேற்கே சேர்வராயன். நான்குமே காலையில் கிளம்பினால் ஏறிவிடக்கூடிய தூரம்தான். அதனாலேயே பலரும் தண்ணீர்ப் புட்டியும் தின்பண்டமும் எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் ஆயத்தப் பெட்டி, காரில் போகிறவரின் சிராய்ப்புக்கு உதவும். மலைக்கு அது போதாது. 1888இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் முதலுதவிப் பெட்டியே ரயில் பாதைத் தொழிலாளர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதுதான். ஊரும் மருத்துவரும் தொலைவில் இருக்கும்போது என்ன காயம் படும் என்று யோசித்து நிரப்பிய பெட்டி அது. கொல்லிமலைக்கும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே முதலில் தேவைப்படுவது வாந்தி மாத்திரையும் நெகிழிப் பைகளும். மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பத்தாவது வளைவில் குமட்டல் வந்தபின் போட்டால், மாத்திரையும் சேர்ந்தே வெளியே வரும். ஆகவே இவை வண்டியின் கூரைமேல் கட்டிய மூட்டைக்குள் போகாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது வெயில். சேலம், நாமக்கல் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மலைமேல் காற்று குளிர்ந்திருந்தாலும் உடம்பிலிருந்து வியர்வை போய்க்கொண்டேதான் இருக்கும். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது யாருக்கும் சிரமம் தெரியாது. குளித்துவிட்டு, வெறும் வயிற்றோடு, உச்சிவெயிலில் திரும்ப ஏறும்போதுதான் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, தலை சுற்றுகிறது. இதற்கான மருந்து ஓ.ஆர்.எஸ். பொடி. 1971 வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். பொடி வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டர் புட்டியில் முழுப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு கூடிப்போய் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்று ஆகா. கலவை பொருந்தாத பானங்களில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பன்னிரண்டு பேர் குழுவுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பொட்டலம் என்று கணக்கு வைக்கலாம். எடை கால் கிலோதான்.

ஒருவர் உளற ஆரம்பித்தாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே கீழே இறக்க வேண்டும்.

காயங்களுக்குத் தேவையானவை பட்டியலாகப் பார்த்தால் சின்னவைதான்: கையுறை நான்கு ஜோடி, கிருமி நீக்கிய பஞ்சுத்துணி, சுருள் கட்டுத்துணி, பிளாஸ்திரி, அகல நாடா, பொவிடோன் அயோடின் களிம்பு, கத்தரி, முள்வாங்கி, ஊக்கு, கிரேப் பாண்டேஜ் இரண்டு, முக்கோணத் துணி இரண்டு. காயத்தைக் கழுவ மருந்துத் தண்ணீர் எதுவும் வேண்டாம், குடிக்கிற தண்ணீரே போதும். புட்டி மூடியில் ஊசியால் ஒரு துளை போட்டு அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடித்து மண்ணை வெளியேற்றிவிடும். ரத்தம் ஒழுகினால் துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. வலிக்குப் பாராசிட்டமால் போதும். தண்ணீர்ச்சத்து குறைந்த உடம்புக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்கு ஆகாது.

பாம்பு விஷயத்தில் பைக்குள் எதை வைக்கக் கூடாது என்பதே பெரிய செய்தி. பிளேடு, இறுக்கிக் கட்டும் கயிறு, விஷம் உறிஞ்சும் கருவி மூன்றும் வேண்டாம். கீறினால் ரத்தப்போக்கு கூடும், இறுக்கிக் கட்டினால் அந்தக் கைகாலே அழுகிப்போகலாம். விஷமுறிவு மருந்தையே கொண்டுபோகலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். ஆனால் தொடக்க அளவே பத்துக் குப்பி வரை போகும். நரம்பில் ஏற்ற வேண்டும், ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்து வரலாம். அது மருத்துவமனையின் வேலை. வழிகாட்டி செய்யக்கூடியது கடிபட்ட கைகாலை எலும்பு முறிந்ததற்குக் கட்டுவதுபோல் குச்சியும் முக்கோணத் துணியும் வைத்து அசையாமல் வைப்பது, மோதிரம், மெட்டி, கொலுசு முதலியவற்றைக் கழற்றுவது, நேரத்தைக் குறித்துக்கொள்வது, நடக்க விடாமல் தூக்கிச் செல்வது. கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, தடமும் தெரியாது. கூடாரத்தில் தூங்கி எழுந்தவருக்கு இமை தொங்கினால், வயிறு வலித்தால் அதையும் நினைவில் கொள்ள வேண்டும். மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருப்பில் உள்ளது என்பதைக் கிளம்புவதற்கு முதல்நாள் தொலைபேசியில் கேட்டுத் தாளில் எழுதிப் பைக்குள் வைப்பது, பையில் வைக்கும் எந்த மருந்தையும்விட மதிப்புள்ளது.

கதண்டும் மலைத் தேனீயும் பாம்பைவிட அடிக்கடி எதிர்ப்படும். தேனீக் கொடுக்கு தோலில் தங்கியிருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்கக் கூடாது. அரிப்புக்கும் தடிப்புக்கும் செட்டிரிசின் உதவும். முகம் வீங்கி மூச்சு திணறினால் அந்த மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது. அதற்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து, ஓட வேண்டியது மருத்துவமனைக்கு.

2021 அக்டோபரில் ஆத்தூருக்கு அருகே ஆணைவாரி அருவியில் திடீர் வெள்ளத்தில் சிக்கிய தாயையும் குழந்தையையும் கயிறு கொண்டு மீட்ட காட்சியைத் தமிழகமே பார்த்தது. மழைக்காலத்தில் பையோடு கயிறும் விசிலும் போக வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கல்வராயனில் சிக்னல் கிடைக்காத பள்ளங்கள் உண்டு. 108ஐ எங்கிருந்து அழைக்க முடியும் என்பதை ஏறும்போதே கவனித்து வைக்க வேண்டும். ஒவ்வொருவரின் ஒவ்வாமை, அன்றாட மருந்து, வீட்டு எண் ஆகியவை ஒரு சீட்டில் இருக்கட்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்காகக் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று. குரங்கணித் தீ விபத்துக்குப் பின் 2018இல் வந்த விதிகளின்படி காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தின் நகலும் இந்தச் சீட்டோடு பையில் இருக்கட்டும்.

இனி, பையை மறுபடி நிரப்புவது. பெரும்பாலான பைகள் முதல் பயணத்தில் முழுமையாக இருக்கும், நான்காவது பயணத்தில் காலி உறைகளைச் சுமந்துகொண்டு போகும். எடுத்த பொருளை எடுத்தவுடனே மூடியின் உட்புறம் ஒட்டிய தாளில் குறித்தால்தான், திரும்பிய இரவே வாங்க வேண்டியது தெரியும். மாத்திரை அட்டையில் ஒரு நுணுக்கம் உண்டு. மருந்துக்கடையில் நான்கு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அது கடைக்காரரிடமே தங்கிவிட்டால், கையில் இருப்பது தேதியில்லாத மாத்திரை. பைக்கு முழு அட்டையாக வாங்க வேண்டும், தேதி இருக்கும் பக்கத்தைக் கடைசியில்தான் கிழிக்க வேண்டும். முன்னால் காலாவதியாவதை முன்னால் வைக்க வேண்டும்.

பெரும்பாலான மருந்துகளில் 30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும் என்று எழுதியிருக்கும். ஆத்தூர் வெயிலில் நிறுத்திய ஜீப்புக்குள் அந்த அளவு காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். பை வண்டியில் கிடக்கக் கூடாது. பிளாஸ்திரிக்குத் தேதி பார்ப்பதைவிட ஒன்றைப் பிரித்துக் கையில் ஒட்டிப் பார்ப்பது மேல். பசை இளகிய பிளாஸ்திரி வியர்த்த தோலில் ஐந்து நிமிடம் நிற்காது. உறை கிழிந்த பஞ்சுத்துணி கிருமி நீக்கியது ஆகாது, அதைத் துடைக்க வைத்துக்கொள்ளலாம். பைமேல் சிவப்புச் சிலுவை வரையக் கூடாது. 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அச்சின்னத்தை மற்றவர்கள் பயன்படுத்தத் தடை உண்டு. பச்சையில் வெள்ளைச் சிலுவைதான் முதலுதவிக்கு உரியது.

பைக்குப் பொறுப்பாளர் ஒருவரே இருக்க வேண்டும். அவர் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்போ செஞ்சிலுவைச் சங்கமோ நடத்தும் முதலுதவிப் பயிற்சியை முடித்தவராக இருப்பது நல்லது. அடுத்த குழுவுக்குத் தேதி குறிப்பதற்கு முன், இருக்கிற பையை ஒருமுறை தரையில் கொட்டிப் பார்த்துவிடவும்.