இராயக்கோட்டையைப் படம் எடுத்தவர்

இன்று நாம் நொடிப்பொழுதில் படம் எடுக்கிறோம். மறுநொடியே அதனைக் காண்கிறோம். ஒரு படத்திற்காகப் பல மணி நேரம் உழைத்த காலமும் இருந்தது. அக்காலத்தில் நிழற்படம் எடுத்தலையே அரசுப் பணியாக மேற்கொண்டு தமிழ்நாட்டில் உழைத்தவர் லின்னேயஸ் டிரைப் ஆவார்.

இவர் 1822ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். சென்னைப் படையில் கேப்டனாக விளங்கியவர். 1856ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் இவரைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. 1857ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இவர் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். படப்பெட்டியும் தாள்களும் மருந்துகளும் மாட்டு வண்டிகளில் சென்றன. அந்நாளைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் தன்னுள் கொண்டிருந்தது. அம்மாவட்டத்து இராயக்கோட்டையையும் பிற இடங்களையும் எடுத்த படங்கள் 1858ஆம் ஆண்டில் தனித் தொகுதியாக வெளிவந்தன.

அவர் தொழில் எளிதன்று. தாளில் மெழுகேற்றி, வெள்ளி உப்பைத் தோய்த்து, பெட்டியுள் வைத்து நெடுநேரம் ஒளி காட்டுதல் வேண்டும். பின்னர் இருட்டறையில் மருந்திட்டால், ஒளிபட்ட இடம் கறுத்து எதிர்ப்படம் தோன்றும். அதன் கீழ் வேறொரு தாளை வைத்து வெயிலில் காட்டினால்தான் உண்மைப் படம் கிடைக்கும். இடையே ஒன்று பிழைத்தால் உழைப்பு அனைத்தும் வீணாகும். எனினும் அவர் தளர்ந்தாரல்லர். தஞ்சைப் பெரியகோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

1859ஆம் ஆண்டில் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், இப்பணி ஆடம்பரச் செலவு எனக் கருதி, அதனை நிறுத்துமாறு பணித்தார். 1860ஆம் ஆண்டோடு அப்பணி முடிவுற்றது. கருவூலம் வறண்டிருந்த காலத்தில் அரசு சிக்கனம் நாடியது இயல்பே. ஆயினும், அன்று ஆடம்பரமெனத் தோன்றியவை இன்று விலைமதிப்பற்ற சான்றுகளாக விளங்குகின்றன. நூற்றறுபது ஆண்டுகட்கு முன் நம் கோட்டைகளும் கோயில்களும் எந்நிலையில் இருந்தன என்பதை அவையன்றோ நமக்குக் காட்டுகின்றன!

இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் மணவீட்டில் படம் எடுக்கும் தொழிலாளியும் இவ்வழி வந்தவரே. அவர் எடுக்கும் படத்தின் அருமை அன்றே தெரிவதில்லை. படத்திலுள்ள பாட்டியார் மறைந்த பின்னரே தெரிகிறது. உடனே மதிக்கப்படாவிடினும் தன் கடமையைச் செம்மையாகச் செய்பவனே சிறந்த தொழிலாளி ஆவான்.